பெட்ரோல் காருக்குள் பேட்டரி: பின் சீட்டில் உட்காரப்போவது யார்?

வாசகர் கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு ஊர் பள்ளத்தூர், கடை காரைக்குடியில். தினமும் போய்வர 25 கிலோமீட்டர் ஓட்டம். மாதம் இரண்டு தடவை என் தாயாரை (வயது 78, இரண்டு முழங்காலிலும் தேய்மானம்) மதுரை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் அன்றே திரும்புவோம். நான்கு வருடம் ஓடிய எலெக்ட்ரிக் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 30 யூனிட் பேட்டரி. அதே கார் பெட்ரோலிலும் வருகிறது. விற்பவர், "இன்ஜினை எடுத்துட்டு மோட்டார் வெச்சிருக்காங்க, மத்ததெல்லாம் நம்பிக்கையான அதே வண்டிதான்" என்கிறார். மாப்பிள்ளையோ, "பணியாரக் கல்லுல தோசை ஊத்துற கதை மாமா அது. கரண்டுக்குன்னே செஞ்ச வண்டியா வாங்குங்க" என்கிறார். அப்படி வாங்கினால் புதிதாகத்தான் வாங்க வேண்டும், 7 லட்சம் கூடுதலாகும். யார் சொல்வது சரி? இன்னொன்று, எங்கள் ஐயா காலத்து அம்பாசடர் பின்கட்டில் சும்மா நிற்கிறது. அதையே எலெக்ட்ரிக்காக மாற்றிக்கொள்ள முடியுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

விலை, பேட்டரி, ஓட்டம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் நின்றது அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்டிருந்த செய்தியில்தான். ஆச்சிக்கு 78 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இந்தக் காரை வாங்கலாமா என்பதற்கான பதிலை நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளை ஹோட்டலாக மாற்றும் வேலையைக் கானாடுகாத்தான் பக்கம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். வளவை, அதாவது உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் சாமான் வைக்கவும் பெட்டி வைக்கவும் கட்டியவை. இன்று ஒவ்வோர் அறைக்கும் குளியலறை வேண்டும் என்கிறார்கள். கழிவுக்குழாய் போகத் தரைக்கு அடியில் வழி கிடையாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை உடைக்கவும் மனம் வராது. அதனால் குளியலறைத் தரையை மட்டும் அரையடி உயர்த்தி, அதற்குள் குழாயைக் கொண்டுபோய்விடுவார்கள். வீட்டின் அழகு அப்படியே இருக்கும். ராத்திரி எழுந்து போகிற வயதானவர் மட்டும் அந்தப் படியில் தடுக்குவார்.

பெட்ரோல் காருக்குள் பேட்டரி வைக்கும்போதும் இதே சங்கடம்தான். பெட்ரோல் கார் ஒன்றைப் பட்டறையில் மேலே தூக்கி அடியில் நின்று பார்த்தால் விளங்கும். நடுவில் சைலன்சர் குழாய் போக ஒரு நீண்ட பள்ளம், பின் சீட்டுக்குக் கீழே பெட்ரோல் டேங்க், டிக்கிக்குக் கீழே ஸ்டெப்னிக்கு ஒரு குழி. இந்த மேடு பள்ளங்களுக்கு நடுவே 250 முதல் 350 கிலோ எடையுள்ள ஒரு பெட்டியைப் பொருத்த வேண்டும். டேங்க் இருந்த இடத்தில் கொஞ்சம், நடுப்பள்ளத்தில் கொஞ்சம், மீதியை முன் சீட்டுகளுக்கு அடியில் என்று பிரித்து வைக்கிறார்கள். அதுவும் போதாதபோது இரண்டு வழிதான் இருக்கிறது. ஒன்று காருக்குள் தரையை உயர்த்துவது, மற்றொன்று பெட்டியைச் சாலைப் பக்கம் இறக்குவது. பெரும்பாலும் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்திருப்பார்கள்.

தரை உயர்ந்தால் என்ன ஆகும்? சீட் அதே உயரத்தில் இருக்கிறது, பாதம் வைக்கிற இடம் மேலே வந்துவிட்டது. முழங்கால் தூக்கிக்கொள்ளும். தொடை சீட்டில் படியாமல் அந்தரத்தில் நிற்கும், உடம்பின் பாரம் முழுவதும் இடுப்பில் இறங்கும். 10 நிமிட டெஸ்ட் டிரைவில் இது தெரியவே தெரியாது. உங்கள் ஊரிலிருந்து மதுரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் முழங்காலை மடக்கியபடி இருந்துவிட்டு மருத்துவமனை வாசலில் இறங்கும்போது ஆச்சியால் காலை நீட்ட முடியாது. என்னிடம் வண்டி பார்க்க வருகிறவர்களில் பலர் பேட்டரி, சார்ஜர் என்று கேட்பார்கள், பின் சீட்டைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள். ஓட்டுபவருக்கு அந்தக் குறை கடைசி வரை தெரிவதில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களோ, பிள்ளை ஆசையாக வாங்கிய வண்டி என்று வலியை வெளியே சொல்வதில்லை. இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அதனால் ஒரு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பின் சீட்டின் முன் விளிம்பிலிருந்து பாதம் வைக்கும் தரை வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள். அதே காரின் பெட்ரோல் வகை நம் ஊரில் எத்தனையோ ஓடுகிறது, தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டு அதிலும் அளந்து பாருங்கள். 2 சென்டிமீட்டர் குறைந்தாலே பெரியவர்களுக்குத் தெரியும். 4 சென்டிமீட்டர் என்றால் ஆச்சியை அதில் மதுரை வரை கூட்டிப்போக வேண்டாம் என்பேன். இன்னொரு வழியும் உண்டு. இப்படிப்பட்ட பல கார்களில் முன் சீட்டுக்காரர் கால் வைக்கும் இடம் பேட்டரிக்கு முன்னாலேயே இருப்பதால் உயராமல் பழையபடியே இருக்கும். ஆச்சி முன்னால் உட்காரச் சம்மதித்தால் பாதிச் சிக்கல் தீரும். வழியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வருகிற வழக்கம் அவர்களுக்கு இருந்தால் அது நடக்காது.

டிக்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2011 இறுதியில் அமெரிக்காவில் வந்த ஃபோர்டு ஃபோகஸ் எலெக்ட்ரிக்கில் 23 யூனிட் பேட்டரியின் ஒரு பகுதியைப் பின் சீட்டுக்குப் பின்னால் டிக்கியில் வைத்தார்கள். டிக்கிக்குள் ஒரு மேடு எழுந்து நின்றது. இன்று வரும் கார்களில் அவ்வளவு மோசம் இல்லை. ஆனாலும் டிக்கித் தரைப் பலகையைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கிறதா, இல்லை பஞ்சர் ஒட்டும் கிட் மட்டும்தானா என்று பாருங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேலூர் தாண்டி டயர் கிழிந்தால் அந்தக் கிட் உதவாது.

இனி அடிப்பாகம். நம் பக்கம் மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் சரளைதான். குலதெய்வம் கோயிலுக்குப் போகிற பாதையில் ஐப்பசி மழைக்கு அப்புறம் செம்மண் அரித்துப்போய்க் கல் துருத்திக்கொண்டு நிற்கும். பெட்ரோல் கார் அடி வாங்கினால் சைலன்சர் நசுங்கும், சில ஆயிரம் ரூபாயோடு போகும். இங்கே அடி வாங்குவது பேட்டரிப் பெட்டி. எனக்கு வந்த ஒரு வண்டியில் உள்ளங்கை அளவுக்குத்தான் ஒடுங்கல் இருந்தது. கார் ஓடிக்கொண்டிருந்தது, எச்சரிக்கை விளக்குகூட எரியவில்லை. ஆனாலும் உள்ளே செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிக் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. இன்ஷூரன்ஸ் பேசி முடிக்கப் பல வாரம் பிடித்தது. பேட்டரிகளுக்கு ஐ.பி. 67 என்று ஒரு தகுதி சொல்வார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்பது அதன் பொருள். அந்தச் சோதனை அடிபடாத பெட்டிக்குச் செய்தது. நான்கு வருடம் ஓடிய பெட்டிக்கு அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். வாங்கும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி, பேட்டரியின் அடித்தகட்டை டார்ச் அடித்து முழுவதும் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து பேரும் சாமானும் ஏறிய பிறகு வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதும் முக்கியம். விளம்பரத்தில் போடும் கிரவுண்ட் கிளியரன்ஸை பல நேரம் காலி வண்டியில் அளந்திருப்பார்கள்.

எடை என்றதும் இன்னொன்று. இன்ஜின், கியர்பாக்ஸ், டேங்க், சைலன்சர் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும், இப்படி மாற்றிய கார் அதன் பெட்ரோல் வகையைவிட 150 முதல் 300 கிலோ வரை கூடுதலாக இருக்கும். அதைத் தாங்க ஸ்பிரிங்கைக் கடினமாக்குவார்கள், அதனால் சிறு பள்ளத்திலும் வண்டி உதறும். டயர் சீக்கிரம் தேயும், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் முன்னதாகவே போகும். சக்தி முன் சக்கரத்துக்குத்தான் போகிறது. பெட்ரோல் இன்ஜின் மெல்ல ஏறி வரும் வேகத்துக்குப் போட்ட அமைப்பு அது. மோட்டாரின் இழுவை முதல் நொடியிலேயே முழுதாக வந்துவிடும். வண்டி பாயும்போது பாரம் பின்னால் சாய்ந்து முன் சக்கரத்தின் பிடி குறைகிறது. மழையில் சிக்னலிலிருந்து எடுக்கும்போது சக்கரம் வழுக்கிச் சுற்றுவதை நீங்களே உணர்வீர்கள். ஈகோ மோடில் போட்டு ஓட்டினால் சரியாகிவிடும், இதற்காக வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. பிரேக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய வாக்யூமைப் பெட்ரோல் காரில் இன்ஜினே கொடுத்துவிடும். இன்ஜின் போனதால் பல மாற்றுக் கார்களில் அதற்கென்று ஒரு தனி மின் பம்பு வைத்திருப்பார்கள். மிதியை அடுத்தடுத்து நான்கைந்து தடவை மிதித்து, அது கல்லாக இறுகுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் மதுரைக் கணக்குக்கு வருகிறேன். இடம் குறைவாக இருந்ததால்தான் முதலில் வந்த மாற்றுக் கார்களில் பேட்டரியும் சிறிதாக இருந்தது. 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான் இ.வி.யில் இருந்தது 30.2 யூனிட், ஏட்டில் 312 கிலோமீட்டர். ஏ.சி. போட்டு நெடுஞ்சாலையில் போகும்போது 200ஐ ஒட்டி வந்தால் நல்லது என்று வைத்துக்கொள்வேன். நீங்கள் பார்த்திருக்கும் காரும் அந்த அளவுதான். நான்கு வருடத்தில் கொஞ்சம் தேய்மானமும் சேர்ந்திருக்கும். அப்படியென்றால் 180 என்று கணக்கு வையுங்கள். போய்வர உங்களுக்கு 200 வேண்டும். மதுரையில் சார்ஜ் போடாமல் வீடு திரும்ப முடியாது. மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்தில் போட்டுக்கொள்ளலாம், ஃபாஸ்ட் சார்ஜரில் ஒரு மணி நேரம் போதும். ஆனால் ஆச்சியை உள்ளே உட்காரவைத்துவிட்டு வண்டியோடு சார்ஜரைத் தேடிப் போவது யார்? கூடத் துணைக்கு ஒருவர் வருகிறார் என்றால் கவலையில்லை. நீங்கள் ஒருவரே கூட்டிப்போகிறவர் என்றால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சென்னைக்கு இந்த வண்டி வேண்டாம், பல்லவன் ரயிலில் போய்விடலாம். தினசரி 25 கிலோமீட்டருக்கு இந்தப் பேட்டரி தாராளம். வீட்டில் 15 ஆம்ப் பிளக்கில் ராத்திரி போட்டாலே போதும். பழைய வீட்டு வயரிங் என்றால் எர்த்தைப் புதிதாகப் போட்டு, மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரிச் சூட்டை எப்படித் தணிக்கிறார்கள் என்பதை விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள். பேட்டரி ஆராய்ச்சி நம் ஊருக்குப் புதிதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நீங்கள் தினமும் கடைக்குப் போகிற அதே காரைக்குடியில்தான் இருக்கிறது. லித்தியம் பேட்டரி எந்த வேதிப்பொருளில் செய்ததாக இருந்தாலும் தொடர்ந்த சூடு அதன் ஆயுளைக் குறைக்கும். எல்.எஃப்.பி. என்ற வகை சூட்டை ஓரளவு நன்றாகத் தாங்கும். ஆனால் அதே சக்திக்குக் கூடுதல் இடமும் எடையும் கேட்கும். இடமில்லாத பழைய தரையில் அதுவே ஒரு நெருக்கடி. துண்டு துண்டாகப் பிரித்து வைத்த பேட்டரியில் எல்லாப் பகுதிக்கும் சமமாகக் குளிர்ச்சி கொண்டுபோவதும் கடினம். திரவக் குளிரூட்டல் இருந்தால் நல்லது. காற்றை மட்டும் நம்பும் பேட்டரி என்றால் சித்திரை வெயிலில் ஃபாஸ்ட் சார்ஜ் மெதுவாகும், வருடங்கள் போகப்போகத் தேய்மானமும் கூடும்.

அப்போ மாப்பிள்ளை சொல்வதுதான் சரியா? பாதி சரி. நிசான் லீஃப் 2010 இறுதியில் மின்சாரக் காராகவே வந்த வண்டி, பெட்ரோல் வகை அதற்குக் கிடையாது. ஆனால் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் வைக்கவில்லை. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் 2012 வாக்கில் பல கார்களின் பேட்டரி எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேய்ந்து பெரிய பிரச்சினையானது. மின்சாரத்துக்கென்றே செய்தது என்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. இன்னொரு பக்கம், நெக்ஸான் இ.வி.யின் புதிய வடிவம் 2024இல் பாரத் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது. ஆகவே பெட்ரோல் காரிலிருந்து வந்தது என்பதாலேயே பாதுகாப்பில் குறை என்றும் சொல்ல மாட்டேன். நம்மூர் நிலவரத்தில் அதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. கதவு, கண்ணாடி, விளக்கு, பம்பர் எல்லாம் பெட்ரோல் வண்டியோடு பொது, காரைக்குடியிலேயே கிடைத்துவிடும். தட்டி நிமிர்த்துகிறவருக்கும் அந்த பாடி அத்துப்படி.

தெளிவாகச் சொல்வதென்றால் இதில் மூன்று வகை இருக்கிறது. முதல் வகை, பழைய தரையை அப்படியே வைத்துப் பேட்டரியைச் செருகியவை. இரண்டாவது, பெயரும் உருவமும் பெட்ரோல் வண்டியுடையதாக இருந்தாலும் பேட்டரிக்காக அடித்தரையை நிறையத் திருத்தியவை. 2025 ஜனவரியில் வந்த ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் அப்படி, 51.4 யூனிட் வரை பேட்டரி உண்டு. மூன்றாவது, மின்சாரத்துக்கென்றே வரைந்தவை. 2024 நவம்பரில் வந்த மஹிந்திரா பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ இரண்டும் இந்த வகை. இவற்றில் பேட்டரி இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் ஒரே பலகை மாதிரி படுத்திருக்கும், 59 அல்லது 79 யூனிட். முன் பானெட்டுக்கு அடியிலும் சாமான் வைக்க இடம் கிடைக்கும். மாற்றுக் கார்களில் அந்த இடத்தில் இன்ஜினுக்குப் பதிலாக மோட்டார், இன்வெர்ட்டர், சார்ஜர் என்று அடுக்கி, நடுவில் இடைவெளியை வீணாக விட்டிருப்பதைப் பார்க்கலாம்.

நீங்களே வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையிலுள்ள நீளம். அதை வீல்பேஸ் என்பார்கள். பெட்ரோல் கிரெட்டாவிலும் எலெக்ட்ரிக் கிரெட்டாவிலும் அது 2610 மில்லிமீட்டர்தான். மின்சாரத்துக்கென்றே செய்த ஹூண்டாய் அயோனிக் 5, கிரெட்டாவைவிட ஓரடி மட்டுமே நீளம், ஆனால் வீல்பேஸ் 3000 மில்லிமீட்டர். நீளமான இன்ஜினுக்கு முன்னால் இடம் விடத் தேவையில்லாததால் சக்கரங்களை ஓரத்துக்குத் தள்ள முடிந்தது. பின் சீட்டில் கால் நீட்டுகிற இடமாக அது கிடைக்கிறது.

அம்பாசடரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சட்டப்படி முடியும். ஏ.ஐ.எஸ். 123 என்ற தரத்தின்படி சோதித்து ஒப்புதல் பெற்ற கிட் அந்த மாடலுக்கென்றே இருக்க வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் எரிபொருள் வகையை மாற்ற வேண்டும். ஆனால் நான் செய்யச் சொல்ல மாட்டேன். இதுவரை சொன்ன குறைகள் எல்லாம் அதில் இரட்டிப்பாகும். பேட்டரியை டிக்கியில்தான் வைக்க வேண்டிவரும், பின் பட்டை ஸ்பிரிங் தொய்ந்துபோகும், பழைய டிரம் பிரேக்குக்கு அந்தக் கூடுதல் பாரம் ஆபத்து. 2014இல் உற்பத்தியை நிறுத்திவிட்ட வண்டி அது. ஐயாவின் நினைவாக வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. கார்பரேட்டரைச் சுத்தம் செய்து, பிரேக்கைச் சரிபார்த்து, பெட்ரோலிலேயே மாதம் ஒருமுறை ஊரைச் சுற்றி எடுத்து வாருங்கள். அந்தப் பின் சீட்டில் ஆச்சிக்கு முழங்கால் வலிக்காது.

இனி என் முடிவு. கடைக்குப் போய்வர மட்டும் என்றால் விற்பவர் பக்கம் நிற்பேன், வாங்குங்கள் என்று சொல்லிவிடுவேன். மதுரைப் பயணமும் இதே காரில்தான் என்பதால் தயங்குகிறேன். அதற்காக 7 லட்சம் கூடுதலாகப் போடவும் அவசரப்பட வேண்டாம். நான் சொன்ன இரண்டாவது வகையில், 40 யூனிட்டுக்கு மேல் பேட்டரி உள்ள, இரண்டு மூன்று வருடம் ஓடிய வண்டிகள் இப்போது விற்பனைக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. சார்ஜ் தேடாமல் மதுரை போய்வர அது போதும். எதை வாங்கினாலும் கம்பெனி சர்வீஸ் சென்டரிலிருந்து பேட்டரியின் எஸ்.ஓ.எச். அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவில் இன்று எத்தனை சதவீதம் மிச்சம் என்பதை அது காட்டும். பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி என்பது பரவலான வழக்கம். அது இரண்டாவது கைக்கும் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில திட்டங்களில் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான் முழுப் பலன்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். விற்பவரிடம் அரை நாள் வண்டியைக் கேளுங்கள். ஆச்சியைப் பின் சீட்டில் உட்காரவைத்து பிள்ளையார்பட்டிக்குப் போய், கும்பிட்டுவிட்டு, வழியில் எங்கும் இறங்காமல் திரும்பி வாருங்கள். வீட்டு வாசலில் நீங்கள் கைகொடுக்காமல் அவர்கள் தானாக இறங்கி நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். வலிக்கிறதா என்று அவர்களிடம் கேட்க வேண்டாம், இல்லை என்றுதான் சொல்வார்கள்.